ரஷ்யர்கள் பேசும் ஆங்கிலம்: எந்தத் தவறை முதலில் திருத்துவது?

ரஷ்ய மொழிக்காரர் ஒருவருக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்க உட்கார்ந்தால், பலரும் முதலில் கைவைப்பது 'எ', 'தி' என்ற ஆர்ட்டிகிள்களில்தான். ரஷ்ய மொழியில் அவை கிடையாது. அதனால் வாக்கியத்துக்கு வாக்கியம் விட்டுப்போகும், காதிலும் உடனே உறுத்தும். ஆனால் ஆர்ட்டிகிள் விட்டுப்போனதற்காக யாரும் முகம் சுளிக்கப்போவதில்லை. முகம் சுளிக்கவைக்கும் தவறுகள் வேறு. அவற்றில் இலக்கணப் பிழையே இருக்காது. அதனாலேயே யாரும் திருத்தாமல் விட்டுவிடுகிறார்கள்.

'ஆஃப் கோர்ஸ்' அப்படிப்பட்டது. ரஷ்ய மொழியில் 'கனேஷ்னா' என்றால் மனம் உவந்த சம்மதம், நம் "தாராளமா", "கண்டிப்பா" மாதிரி. அதை 'ஆஃப் கோர்ஸ்' ஆக்கி, எந்தக் கேள்விக்கும் பதிலாகச் சொல்லிவிடுகிறார்கள். "கொஞ்சம் உதவ முடியுமா?" என்று கேட்டவரிடம் அது பொருந்தும். "இந்த பஸ் ஸ்டேஷனுக்குப் போகுமா?" என்று கேட்டவரிடம் சொன்னால், "இதுகூடத் தெரியாதா?" என்று அவர் காதில் விழும். விவரம் கேட்டால் 'யெஸ், இட் டஸ்' போதும்.

கடையில் கேட்பதும் இதே கதைதான். 'தாய்த்யே, பஜாலுஸ்தா' என்பது "கொடுங்கள், தயவுசெய்து". ரஷ்ய மொழியில் அது முழு மரியாதை. அதையே 'கிவ் மீ காஃபி, ப்ளீஸ்' என்றால், ப்ளீஸ் இருந்தும் அதிகாரத் தொனி வந்துவிடும். ஆங்கிலம் கட்டளையைக் கேள்வியாக மாற்றித்தான் பணிவு காட்டும்: 'குட் ஐ ஹேவ் எ காஃபி?' இந்த ஒரு வாக்கிய அமைப்பை முதல் வாரமே வாயில் ஏற்றிவிட வேண்டும். காரணமே இல்லாமல் முரட்டு மனிதர் என்று பெயர் வாங்குவது எவ்வளவு அநியாயம்!

எதிர்மறைக் கேள்வியில் இன்னொரு சிக்கல். 'டோன்ட் யூ லைக் இட்?' என்றால், பிடிக்காதவர் 'யெஸ், ஐ டோன்ட் லைக்' என்பார். நாமும் "ஆமா, பிடிக்கலை" என்றுதானே சொல்கிறோம்? ஆங்கிலத்தில் கேள்வி எப்படி வந்தாலும் சரி, பதிலில் 'டோன்ட்' இருந்தால் தொடக்கம் 'நோ'தான்.

அப்புறம் காலம். "ஐந்து வருஷமா இங்கே இருக்கிறேன்" என்பதை ரஷ்ய மொழியும் தமிழைப் போலவே சாதாரண நிகழ்காலத்தில் சொல்லும். அதனால் 'ஐ லிவ் ஹியர் ஃபைவ் இயர்ஸ்' என்று வருகிறது. இதைத் திருத்தப்போய் 'ஐ லிவ்ட்' என்று சொல்லிவிட்டால், இப்போது அங்கே இல்லை என்றாகிவிடும். அது முந்தைய தவறைவிட மோசம். அன்று தொடங்கி இன்றும் நடப்பது என்றால் 'ஐ ஹேவ் பீன் லிவிங்'. பெர்ஃபெக்ட் டென்ஸ் அட்டவணை முழுவதையும் மனப்பாடம் செய்யவைப்பதைவிட, 'ஹவ் லாங் ஹேவ் யூ பீன்...' என்று தினமும் கேட்டுப் பதில் வாங்குவது பலன் தரும்.

உச்சரிப்பில் எல்லோரும் 'தேங்க்யூ'வை 'சேங்க்யூ' என்பதைப் பிடித்துக்கொள்கிறார்கள். அது பெரும்பாலும் புரிந்துவிடும். சொல்லின் கடைசி ஒலியைத்தான் கவனிக்க வேண்டும். ரஷ்ய மொழியில் சொல்லின் முடிவில் வரும், தொண்டை அதிர ஒலிக்கும் b, d, g போன்ற ஒலிகள் அதிர்வை இழந்துவிடும். படுக்கையைக் குறிக்கும் 'பெட்', பந்தயத்தைக் குறிக்கும் 'பெட்' இரண்டும் தமிழ் எழுத்தில் ஒன்றுதான். ரஷ்யர் வாயிலும் ஒன்றாகிவிடும். கடைசி ஒலியை அழுத்தச் சொல்லாதீர்கள், அவர் கூடவே ஓர் உயிரொலியைச் சேர்த்துவிடுவார். படுக்கைக்கு உயிரெழுத்தைச் சற்று நீட்டச் சொல்லுங்கள். ஆங்கிலக்காரர்கள் வித்தியாசம் கண்டுபிடிப்பதும் பெரும்பாலும் அந்த நீளத்தை வைத்துத்தான்.

ஆங்கிலச் சொல் மாதிரியே ஒலித்து, பொருள் மாறும் ரஷ்யச் சொற்கள் கொஞ்சம் உண்டு. ரஷ்ய 'மகஸீன்' கடை, பத்திரிகை அல்ல. 'ஃபமீலியா' குடும்பப் பெயர், குடும்பம் அல்ல. 'சிம்பதீச்னி' என்றால் பார்க்க அழகானவர், இரக்கமுள்ளவர் அல்ல. ஒரு தடவை சொன்னால் பிடித்துக்கொள்வார்கள்.

இதெல்லாம் ஆன பிறகு ஆர்ட்டிகிளுக்கு வரலாம். ரஷ்யர்களுக்கு அந்த வேறுபாடு புரியாது என்று நினைக்க வேண்டாம். அவர்கள் அதைச் சொல் வரிசையில் காட்டுகிறார்கள். 'க்னீகா ந ஸ்தலே' என்றால் நமக்குத் தெரிந்த அந்தப் புத்தகம் மேசையில் இருக்கிறது. 'ந ஸ்தலே க்னீகா' என்றால் மேசையில் ஏதோ ஒரு புத்தகம் இருக்கிறது. தமிழிலும் இப்படி மாற்றிச் சொல்லிப் பாருங்கள், அதே வித்தியாசம் வரும். ஆகவே 'தி' எது, 'எ' எது என்று விதி சொல்வதற்கு முன், ரஷ்ய மொழியில் அந்தச் சொல்லை முதலில் வைப்பாரா கடைசியில் வைப்பாரா என்று அவரிடமே கேளுங்கள். எல்லா இடத்துக்கும் இது பொருந்தாது, ஆனால் தொடங்க நல்ல வழி. தொழில் சொல்லும்போது மட்டும் யோசிக்கவே விடக்கூடாது. 'யா வ்ராச்' என்று இரண்டே சொல்லில் முடிப்பவரிடம் 'ஐம் எ டாக்டர்' என்பதை ஒரே மூச்சில், ஒரே சொல்லாகச் சொல்லிப் பழகச் சொல்லுங்கள்.