தார்ப்பாய்க் கூடாரம் கட்டுவது எப்படி: சாரணர் முகாமில் நான் கற்ற முறை

ஏழாம் வகுப்பு அரையாண்டு விடுமுறையில், தாமிரபரணிக் கரையோரத் தோப்பு ஒன்றில் எங்கள் சாரணர் படைக்கு மூன்று நாள் முகாம். முதல் நாள் மாலை நாங்களே கட்டிய கூடாரம் நடுச்சாமத்தில் எங்கள் மேலேயே சரிந்தது. பெருமழை இல்லை, காற்றும் இல்லை; மார்கழித் தூறல்தான். ஈரத்துணிக்கு அடியிலிருந்து ஊர்ந்து வெளியே வந்தால், அணித்தலைவர் அண்ணன் டார்ச் விளக்கோடு நின்றிருந்தார். திட்டவில்லை. சரியாமல் நின்ற பக்கத்தைக் காட்டி, "அந்தக் கயிற்றைத் தொட்டுப் பார், தம்பி" என்றார். வீணைக் கம்பி போல விறைத்திருந்தது. நூல் கயிறு நனைந்தால் சுருங்கும். சுருங்கிய கயிறு மறுபக்கத்து முளைகளை மண்ணிலிருந்து பிடுங்கிவிட்டது.

இந்த ஆண்டு என் மகள் பள்ளியில் சாரணியர் பிரிவில் சேர்ந்திருக்கிறாள். அவளுக்குச் சொல்லிக்கொடுத்ததையே, பிள்ளைகளோடு முதல் முறை வெளியில் தங்கப் போகிறவர்களுக்காக எழுதுகிறேன். கடைக் கூடாரம் தேவையில்லை. 12 அடிக்கு 10 அடி தார்ப்பாய் ஒன்று, நாலரை அடி மூங்கில் கம்பு இரண்டு, 20 மீட்டர் கயிறு, ஒரு முழ நீளத்தில் கூராகச் சீவிய முளைகள் பத்து. நான்கு பேர் படுக்க இது போதும்.

இடம் பார்த்தல்

பிற்பகல் 3 மணிக்குள் இடத்துக்குப் போய்ச் சேருங்கள். இருட்டிய பிறகு எதுவும் சரியாக அமையாது. சொந்த நிலமோ, உரியவரின் அனுமதி பெற்ற இடமோதான் வேண்டும்; காப்புக்காட்டில் வனத்துறை அனுமதியின்றித் தங்கக் கூடாது.

ஆற்றங்கரை என்றால் புதர்களைக் கவனியுங்கள். கிளைகளில் காய்ந்த வைக்கோலும் குப்பையும் சிக்கியிருந்தால், வெள்ளம் அதுவரை ஏறியிருக்கிறது என்று பொருள். மேலே அணை திறந்தால் மீண்டும் ஏறும். அந்த அளவுக்கு நன்றாக மேலே, லேசாக மேடான தரைதான் உங்களுக்கு உரியது. தலைக்கு மேலே பட்ட கிளையோ தென்னையோ இருக்கக் கூடாது. பக்கத்தில் புற்றும் எறும்புச் சாரையும் இருக்கக் கூடாது. மார்கழியில் வாடைக்காற்று வீசும். ஆகவே வாசலைத் தெற்குப் பக்கம் வையுங்கள்.

அந்தக் காலத்தில் கூடாரத்தைச் சுற்றி நான்கு விரல் ஆழத்துக்கு வாய்க்கால் வெட்டச் சொல்வார்கள். இப்போது நான் வெட்டுவதில்லை. மேடான இடமாக இருந்தால் அதற்குத் தேவையே வராது. வெட்டிய புல்தரை ஆறப் பல மாதங்கள் ஆகும்.

கட்டுதல்

ஒருவர் தனியாகக் கட்ட வேண்டாம். 1907 ஆகஸ்டில் இங்கிலாந்தின் பிரவுன்சீ தீவில், சாரணர் இயக்கத்தைத் தொடங்கிய பேடன் பவல் நடத்திய முதல் சாரணர் முகாமிலேயே, சுமார் இருபது சிறுவர்களை நான்கு அணிகளாகப் பிரித்துத்தான் வேலை கொடுத்தார். அணிக்குள் இரண்டு பேர் கம்பைப் பிடிக்க வேண்டும், ஒருவர் முளை அடிக்க வேண்டும், ஒருவர் முடிச்சுப் போட வேண்டும். யாருக்கு எது என்று முதலிலேயே பெயர் சொல்லிவிடுங்கள்.

இரண்டு கம்புகளையும் பத்தடி இடைவெளியில் அரை அடி ஆழத்துக்கு ஊன்றுங்கள். 30 அடிக் கயிற்றை ஒரு கம்பின் உச்சியிலிருந்து மற்றதன் உச்சிக்குக் கட்டி, இரு முனைகளையும் வெளியே கொண்டுபோய் முளையில் இழுத்துக் கட்டுங்கள்.

கம்பில் போட வேண்டிய முடிச்சுக்குச் சாரணர்கள் கிளவ் ஹிட்ச் என்பார்கள். கயிற்றைக் கம்பைச் சுற்றி ஒரு முறை கொண்டுவாருங்கள். முதல் சுற்றின் மேல் குறுக்காகத் தாண்டி இன்னொரு சுற்றுச் சுற்றுங்கள். அந்தக் குறுக்குக்கு அடியில் முனையை நுழைத்து இரண்டு பக்கமும் இழுங்கள். சரியாக விழுந்திருந்தால் இரண்டு சுற்றுகள் அருகருகே படுத்திருக்கும், அவற்றின் மேல் ஒரு சாய்ந்த கோடு ஓடும். கண்ணை மூடிக்கொண்டு போட வரும்வரை வீட்டு ஜன்னல் கம்பியில் பழகுங்கள். எங்கள் சாரண ஆசிரியர் எங்களை அப்படித்தான் பழக்கினார். அன்றைய இருட்டில் முடிச்சுகளை மறுபடி போட்டபோதுதான் அது எவ்வளவு பெரிய உதவி என்று புரிந்தது.

முளையை நேராக அடிக்காதீர்கள். தலை கூடாரத்தை விட்டு வெளிப்பக்கம் சாய்ந்திருக்க வேண்டும். கயிறும் முளையும் சந்திக்கும் இடம் ஏறக்குறைய செங்கோணமாக அமையட்டும். மண் இளகிய மணலாக இருந்தால், கயிற்றில் ஒரு கல்லைக் கட்டி அரை முழம் புதைத்து மிதித்துவிடுங்கள். முளையைவிட அது உறுதியாக நிற்கும்.

இனித் தார்ப்பாயைக் கயிற்றின் மேல் போடுங்கள். பக்கத்துக்கு ஆறடி தொங்கும். எதிரெதிர் மூலைகளாக இழுத்துக் கட்டினால் ஒருபக்கம் கோணாது. பிறகு நடுவில் பக்கத்துக்கு ஒன்று. முளையில் கயிற்றை இரண்டு சுற்றுச் சுற்றி, இழுபட்டிருக்கும் கயிற்றின் மேலேயே இரண்டு அரை முடிச்சுப் போடுங்கள். இது இறுக்கமாகப் பிடிக்கும், நள்ளிரவில் விரலாலேயே அவிழ்க்கவும் வரும்.

படுக்கப் போகும் முன், நூல் கயிறாக இருந்தால் ஒவ்வொன்றையும் இரண்டு விரல் அளவு தளர்த்துங்கள். நைலான் கயிறு இதற்கு நேர்மாறு. நனைந்தால் தொய்யும், அதை இறுக்க வேண்டும்.

அடுப்பும் விடியலும்

கூடாரத்துக்குப் பத்தடிக்கு அப்பால், காற்று போகும் திசையில் மூன்று கல் கூட்டுங்கள். தேங்காய் நார், பென்சில் கனத்தில் சுள்ளி, பிறகு விறகு என்று இந்த வரிசையில்தான் தீ ஏறும். சோற்றுப்பானையின் வெளிப்புறத்தில் ஈரமண் பூசிவிட்டால் கரி ஒட்டாது. அணைக்கும்போது தண்ணீர் ஊற்றிக் கிளறுங்கள், மறுபடி ஊற்றுங்கள். புறங்கையை அருகில் கொண்டுபோனால் சூடு தெரியக் கூடாது.

காலையில் செருப்பை உதறிப் பார்த்த பிறகே காலை நுழையுங்கள்.

கிளம்பும்போது முளைக் குழிகளை மிதித்து மூடுங்கள். கயிற்றை வீட்டு நிழலில் நன்றாகக் காயவைத்துச் சுருட்டுங்கள். ஈரத்தோடு கட்டிவைத்த நூல் கயிறு அடுத்த முகாமுக்குள் இற்றுப்போயிருக்கும்.