பழைய காரின் பம்பரில் துருவா? ஒரு துண்டு அலுமினியத் தாள் போதும்

அம்பாசிடர் எஸ்டேட் போன்ற பழைய ஸ்டேஷன் வேகனை வீட்டிலேயே புதுப்பிக்கிறீர்களா? குரோமிய முலாம் பூசிய பம்பரில் துருப் புள்ளிகள் தெரிந்ததும் புது முலாம் பூசக் கொடுத்துவிடாதீர்கள். சமையலறை அலுமினியத் தாளைக் கசக்கி, தண்ணீரில் நனைத்து, மெதுவாகத் தேய்த்துப் பாருங்கள். பழுப்புத் துரு கரைந்து சாம்பல் நிறக் குழம்பாகக் கசியும். துடைத்தால் அடியில் பளபளப்பு தெரியும். பாதிப் பம்பரை மட்டும் தேய்த்து மறுபாதியோடு ஒப்பிட்டால் நீங்களே வியந்துபோவீர்கள்!

அலுமினியம் குரோமியத்தைவிட மிகவும் மென்மையானது. எனவே முலாமில் எளிதில் கீறல் விழாது, துரு மட்டும் பெயரும். தேய்க்கும்போது உண்டாகும் நுண்ணிய அலுமினிய ஆக்சைடு மெருகும் ஏற்றிவிடும். இரும்புக் கம்பிச் சுருளை மட்டும் தயவுசெய்து தொடாதீர்கள். முடித்ததும் கழுவி, ஈரமின்றித் துடைத்து, மெழுகு பூசுங்கள். இல்லையென்றால் முலாமின் நுண்துளைகள் வழியே துரு மீண்டும் எட்டிப் பார்க்கும்.

முலாம் செதிலாக உரிந்திருந்தாலோ, குழி விழுந்து இரும்பு தெரிந்தாலோ இது பயன்படாது. புது முலாம்தான் வழி. குரோமியம் போல மின்னும் பிளாஸ்டிக் பாகங்களிலும் பெயின்ட் அடித்த பகுதிகளிலும் தேய்க்கவே கூடாது.