சூடான கையை நம்பி ஏமாற வேண்டாம்: கை விறைப்பு ஊசிக்குப் பிறகு நடக்கும் தவறுகள்

கைச் சத்திரசிகிச்சைக்காகக் கழுத்தடியிலோ காறையெலும்புக்கு மேலேயோ அக்குளிலோ, கையை உணர்விழக்க வைக்கும் விறைப்பு ஊசி போட்ட சில நிமிடங்களில் கை சூடாகும், சிவக்கும், புறங்கை நாளங்கள் கயிறாய்ப் புடைக்கும். கைக்குப் போகும் நரம்புக் கட்டோடு சேர்ந்தே, இரத்தக் குழாய்களை இறுக்கி வைக்கும் மெல்லிய நரம்பிழைகளும் ஓடுகின்றன. மருந்து அவற்றையும் உறங்க வைப்பதால் குழாய்கள் தளர்ந்து இரத்த ஓட்டம் கூடுகிறது. விரலில் மாட்டும் ஒக்சிஜன் மானி சில வேளை இதை நோயாளிக்கு முன்பே காட்டிவிடும்: அதிலுள்ள குருதியோட்டச் சுட்டெண் மெல்ல ஏறும்.

இதைக் கண்டு கிருமி ஏறிவிட்டது என்றோ மருந்து ஒவ்வவில்லை என்றோ பதறுவது ஒரு தவறு. கழுத்தில் ஊசி போட்டால் அதே பக்க இமை சற்றுத் தொங்கி மூக்கும் அடைக்கும். மருந்து இறங்க அதுவும் போய்விடும். மூச்சு வாங்கினால் மட்டும் உடனே சொல்ல வேண்டும், ஏனென்றால் மூச்சை இயக்கும் உதரவிதானத்தின் நரம்பு அருகிலேயே இருக்கிறது. முள்ளந்தண்டில் போடும் ஊசியைப் போல இதில் பிரஷர் பெரிதாக விழாது. ஆகவே பிரஷர் விழுந்தால் ஊசிமேல் பழி போட்டுவிட்டு இருக்காமல் வேறு காரணம் தேட வேண்டும்.

இதைவிட ஆபத்தானது எதிர்ப்பக்கத் தவறு: கை சூடாக இருக்கிறது, ஆகவே இரத்தம் நன்றாக ஓடுகிறது என்று இருந்துவிடுவது. உழவு இயந்திரத்தில் நசிந்த முன்கையையோ, பனையால் விழுந்து முறிந்த கையையோ மாக்கட்டுப் போட்டு விடுதிக்கு அனுப்பியிருப்பார்கள். உள்ளே தசை வீங்கி அழுத்தம் ஏறினால் நுண்குழாய்கள்தான் முதலில் அடைபடும். மணிக்கட்டு நாடி அப்போதும் துடிக்கும். விரலை அமத்தி விட்டால் நிறமும் திரும்பும். கடும் நோவும் விறைப்பும்தான் வழமையான எச்சரிக்கைகள். ஊசி அவ்விரண்டையும் மறைத்துவிடுகிறது. அதனால் பார்க்க வேண்டியவை வேறு: கட்டின் விளிம்பில் சதை பிதுங்குகிறதா, முன்கை பலகைபோல் இறுகியிருக்கிறதா, விறைப்பையும் மீறி நோ வருகிறதா, விரலை நிமிர்த்தினால் துடிக்கிறாரா. சந்தேகம் வந்தால் மாக்கட்டையும் அடிப்பஞ்சையும் தோல் வரைக்கும் முழுதாகப் பிளக்க வேண்டும். பாதி வெட்டிவிட்டுப் பார்ப்போம் என்பது வேலைக்காகாது. தசைக்குள் உள்ள அழுத்தம் டயஸ்டொலிக் அழுத்தத்தை (பிரஷரின் கீழ் எண்ணை) 30 மி.மீ. அளவுக்குள் நெருங்கிவிட்டால் தசையுறையைத் திறக்கும் சத்திரசிகிச்சை தேவை. சில மணித்தியாலங்களில் தசை செத்துவிடும். நோவைக் கவனிக்க வேண்டிய கை என்று முன்பே தெரிந்தால், நீண்ட நேரம் நிற்கும் விறைப்பு மருந்தான புப்பிவகெய்ன் தேவையா என்று சத்திரசிகிச்சை நிபுணரோடு ஊசிக்கு முன்பே பேசிவிடுவது நல்லது.

வவுனியாப் பக்கம் சிறுநீரக நோயாளர் பலர். இரத்தச் சுத்திகரிப்புக்காகக் கையில் நாடியையும் நாளத்தையும் இணைத்துப் பிஸ்டியூலா வைக்கும்போது இந்தக் கூடுதல் ஓட்டம் உதவிதான். கிளாஸ்கோவில் 126 பேரிடம் செய்து 2016 இல் லான்செட் மருத்துவ இதழில் வெளிவந்த ஆய்வில், நரம்புக்கட்டு ஊசி பெற்றவர்களில் 84% பேருக்கு 3 மாதத்தில் பிஸ்டியூலா திறந்திருந்தது. வெட்டுமிடத்தில் மட்டும் விறைக்க வைத்தவர்களில் 62%. இங்கு நடக்கும் தவறு, ஏசி அறைக் குளிரில் சுருங்கிய நாளத்தை ஸ்கானில் அளந்து ‘சிறிது’ என்று கைவிடுவது. விறைத்த பிறகு இன்னொரு முறை அளக்க வேண்டும், நாளம் விரிந்திருக்கும். வீட்டாருக்கு ஒரு வேலை உண்டு. வயலுக்குத் தண்ணீர் இறைக்கும்போது பம்பிக் குழாயில் கை வைத்தால் ஒரு அதிர்வு தெரியுமே, அதேபோன்ற அதிர்வு தழும்பின் மேல் தெரிய வேண்டும். விறைப்பு இறங்கும்போது குழாய்கள் மறுபடி சுருங்கும். அந்நேரத்தில் தொட்டுப் பாருங்கள். அதிர்வு நின்றிருந்தால் விடியட்டும் என்று காத்திராமல் அப்போதே புறப்பட வேண்டும். அந்தக் கையில் பிரஷர் பட்டியும் வேண்டாம், இறுகிய வளையலும் வேண்டாம்.

மருந்தளவில் பிழை ஆபத்தாவதும் இரத்தக் குழாயால்தான்: மருந்து நேரே இரத்தத்தில் கலந்துவிடலாம். நரம்புக்கட்டு நாடியை ஒட்டியே கிடக்கிறது. 50 கிலோ ஆளுக்குப் புப்பிவகெய்ன் கிலோவுக்கு 2 மில்லிகிராம் என்றால் 100 மில்லிகிராம், அதாவது 0.5% மருந்தில் 20 மில்லிலீற்றர். 5 மில்லிலீற்றருக்கு ஒரு தடவை பின்னிழுத்து இரத்தம் வருகிறதா என்று பார்க்காமல் தள்ளக்கூடாது. நாக்கு விறைப்பு, காதில் இரைச்சல், வாயில் உலோகச் சுவை வந்தால் மருந்து இரத்தத்தில் ஏறுகிறது என்று ஊசியை நிறுத்துங்கள். அதற்கு மாற்றாக நாளத்தில் ஏற்றும் 20% கொழுப்புக் குழம்பு கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். வலிப்போ இதயத் துடிப்புக் குழப்பமோ தொடங்கினால் முதல் அளவு கிலோவுக்கு 1.5 மில்லிலீற்றர், இந்த ஆளுக்கு 75.

கண்ணாடி விரியன் கடித்துவந்தவருக்கு இரத்தம் உறையும் தன்மை திரும்பும் வரை ஆழமான ஊசி வேண்டாம். எடுத்த இரத்தம் உறைகிறதா என்று பார்க்கும் 20 நிமிடக் கண்ணாடிக் குழாய்ச் சோதனையே இதற்கான முதல் வாசல்.

வீடு திரும்பும்போது, பரந்தனிலிருந்து முல்லைத்தீவு வரை மோட்டார் சைக்கிளில் பின்னால் இருந்து போகிறவரின் கை தொங்கினால், தளர்ந்த நாளங்களில் இரத்தம் தேங்கி வீங்கிவிடும், எங்கே அடிபட்டதென்றும் தெரியாது. கழுத்தில் மாட்டும் துணித் தொட்டிலில் கையைக் கட்டி, விரல் முழங்கையைவிட உயர இருக்கட்டும். வீட்டில் வெந்நீர் ஒத்தடமும் வேண்டாம், பனிக்கட்டியும் வேண்டாம்: கை ஏற்கெனவே சூடுதான், சுட்டாலும் அதற்குத் தெரியாது. புப்பிவகெய்ன் என்றால் விடிய விடிய விறைத்தே கிடக்கலாம். நோ மாத்திரையை விறைப்பு முற்றாகப் போகும் முன்பே, விரல் நுனியில் ஊரல் தொடங்கும்போதே விழுங்கிவிடுங்கள்.