கடன் அவருடையது, தொல்லை உங்களுக்கா? வசூல்காரர்களிடமிருந்து குடும்பத்தைக் காப்பது எப்படி

கடன் வாங்கியது தம்பி. போன் வருவது அக்காவுக்கு, அவர் கணவருக்கு, சில சமயம் அக்கா வேலை பார்க்கும் இடத்து மேனேஜருக்கு. வாங்கியவர் கையில் பணமில்லை என்பது வசூல்காரருக்கும் தெரியும். மானத்துக்கு அஞ்சி உறவில் யாராவது கட்டிவிடுவார்கள் என்பதுதான் அவர் போடும் கணக்கு. ஆனால் இந்தியச் சட்டப்படி கடன் பொறுப்பு கையெழுத்தைப் பிடித்து வருகிறதே தவிர, உறவைப் பிடித்து வருவதில்லை. எனவே பயப்படுவதற்கும் பதில் பேசுவதற்கும் முன் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள்: அந்தக் கடனில் உங்கள் கையெழுத்து இருக்கிறதா?

கையெழுத்தைத் தேடுங்கள்

கடன் ஒப்பந்தத்தின் நகலை, கடன் வாங்கியவரையே எழுத்தில் கேட்டு வாங்கச் சொல்லுங்கள். அதில் உங்கள் பெயர் எந்த இடத்தில் இருக்கிறது என்று பாருங்கள்.

இணைக் கடனாளி என்று இருந்தால் அது உங்கள் கடனும்கூட. ஜாமீன்தாரர் என்று இருந்தாலும் நிலைமை ஏறக்குறைய அதேதான். 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 128-ஆவது பிரிவு, ஜாமீன்தாரரின் பொறுப்பு கடனாளியின் பொறுப்புக்குச் சமம் என்கிறது. 'முதலில் அவரிடம் கேளுங்கள், பிறகு என்னிடம் வாருங்கள்' என்று சொல்ல முடியாது. ரெஃபரன்ஸ் என்ற கட்டத்தில் வெறும் பெயரும் போன் நம்பரும் மட்டும் இருந்தால் உங்களுக்கு ஒரு ரூபாய்கூடப் பொறுப்பில்லை. தொல்லைக்கு ஆளாகிறவர்களில் பலர் இந்தக் கட்டத்தில் இருப்பவர்கள்தான்.

ஒப்பந்த நகல் கிடைக்காவிட்டால் இன்னொரு வழி உண்டு. சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹைமார்க் ஆகிய நான்கு கடன் தகவல் நிறுவனங்களும் ஆண்டுக்கு ஒரு முழு கடன் அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். உங்கள் பெயரில் எடுத்துப் பாருங்கள். நீங்கள் ஜாமீன் போட்ட கடன் அதில் பெரும்பாலும் தெரியும். தெரியாமலே உங்கள் ஆதாரையும் பான் கார்டையும் யாராவது பயன்படுத்தியிருந்தாலும் இங்கே வெளிப்பட்டுவிடும்.

மகளிர் குழுக் கடனில் தனிக் கவனம் வேண்டும். குழுவில் எல்லோரும் ஒருவருக்கொருவர் பொறுப்பேற்றுக் கையெழுத்துப் போட்டிருப்பார்கள். பல நிறுவனங்கள் கணவரிடமோ மகனிடமோ இன்னொரு கையெழுத்து வாங்கியிருக்கும். குழுவில் இருந்தால் அந்தத் தாளைப் படிக்காமல் 'எனக்குச் சம்பந்தமில்லை' என்று சொல்லிவிடாதீர்கள்.

புதிதாக ஒரு பொறுப்பை நீங்களே உண்டாக்காதீர்கள்

எந்தக் கையெழுத்தும் போடாதவர் ஒரே வாரத்தில் கடனாளியாவது இந்த இடத்தில்தான் நடக்கிறது. நம் நாட்டில் ஜாமீன் எழுத்தில்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. வாய்மொழியாகவும் கொடுக்கலாம் என்று ஒப்பந்தச் சட்டம் 126-ஆவது பிரிவு சொல்கிறது. 'அவனுக்கு ரெண்டு மாசம் டைம் குடுங்க, நான் பாத்துக்கறேன்' என்று பதிவாகும் போனில் சொன்னால், நாளைக்கு அதை ஜாமீனாகக் காட்டி வாதாட இடம் கொடுத்துவிடுகிறீர்கள். இரக்கத்தில் சொன்ன சொல்தான். ஆனால் பதிவில் இரக்கம் தெரியாது.

காசோலை அதைவிட ஆபத்து. 'சும்மா செக்யூரிட்டிக்குத்தான்' என்று உங்கள் காசோலையை வாங்கிக்கொண்டு வங்கியில் போட்டு, அது திரும்பினால், செலாவணி முறிச் சட்டம் 138-ஆவது பிரிவில் வழக்கு உங்கள் மீது வரும். கடன் வேறொருவருடையது என்பது தானாகவே தப்பிக்க வழியாகாது. தண்டனை இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது காசோலைத் தொகையின் இரு மடங்கு வரை அபராதம், அல்லது இரண்டும். கையெழுத்து மட்டும் போட்ட வெற்றுப் புரோநோட்டும் அப்படியே: தொகையை நிரப்பிக்கொள்ள நீங்களே அனுமதி கொடுத்ததாக ஆகிவிடும்.

மனிதாபிமானத்தில் ஒரு தவணை உதவ நினைத்தால், பணத்தைக் கடன் வாங்கியவரின் கணக்கில் போட்டு அவரையே கட்டச் சொல்லுங்கள். உங்கள் கணக்கிலிருந்து நேரடியாகக் கட்டினால், அடுத்த மாதமும் முதல் போன் உங்களுக்குத்தான் வரும்.

போனில் பேச வேண்டியது இவ்வளவுதான்

முதல் அழைப்பில் நான்கு விஷயம் கேளுங்கள்: பெயர், எந்த நிறுவனம், எந்த ஏஜென்சி, கடன் கணக்கு எண். பிறகு ஒரே வாக்கியம்: 'நான் இந்தக் கடனில் கடனாளியும் இல்லை, ஜாமீன்தாரரும் இல்லை, இனி இந்த எண்ணுக்கு அழைக்க வேண்டாம்.' அதோடு வைத்துவிடுங்கள். அவர் எங்கே இருக்கிறார், எப்போது வருவார், வேறு யார் நம்பர் இருக்கிறது என்ற எதற்கும் பதில் சொல்ல வேண்டிய கடமை உங்களுக்கு இல்லை. வாக்குவாதம் செய்தால் கோபத்தில் நீங்கள் சொல்லும் ஒரு சொல் அவர் பதிவில் தங்கிவிடும்.

வீட்டிலுள்ள பெரியவர்களுக்கும் பள்ளிக்குப் போகும் பிள்ளைகளுக்கும் இந்த வாக்கியத்தை ஒரு தாளில் எழுதி போன் பக்கத்தில் ஒட்டி வையுங்கள். வசூல்காரர் தேடுவது வீட்டில் யார் இளகிய மனசுக்காரர் என்பதைத்தான். பெரும்பாலும் அது அம்மாதான்.

ரிசர்வ் வங்கி 2022 ஆகஸ்டில் கொண்டுவந்த விதி, கடனாளிக்கும் ஜாமீன்தாரருக்குமே காலை 8 மணிக்கு முன்பும் இரவு 7 மணிக்குப் பிறகும் அழைக்கக் கூடாது என்கிறது. கடனாளியின் குடும்பத்தார், நண்பர்கள், ரெஃபரன்ஸ் கொடுத்தவர்கள் ஆகியோரின் அந்தரங்கத்தில் தலையிடுவது, மிரட்டுவது, பலர் முன் அவமானப்படுத்துவது எல்லாமே தடை. மைக்ரோ ஃபைனான்ஸ் கடன் என்றால் நேரம் இன்னும் குறுகல்: காலை 9 முதல் மாலை 6 வரை. அதிலும் இருவரும் பேசி முடிவுசெய்த இடத்தில்தான் வசூல். கடனாளி அந்த இடத்துக்கு அடுத்தடுத்து இரண்டு முறை வராமல் போனால்தான் வீட்டுக்கு வரலாம்.

வாசலில் வந்து நின்றால்

கதவைத் திறக்காமல், கேட்டுக்கு உள்ளே நின்றபடி பேசுங்கள். அடையாள அட்டையையும் நிறுவனம் கொடுத்த அதிகாரக் கடிதத்தையும் கேளுங்கள். காட்டினால் போட்டோ எடுங்கள். காட்ட மறுத்தால் பேச்சு அங்கேயே முடிந்தது. 'வெளியே போங்கள்' என்று தெளிவாக, வீடியோ ஓடிக்கொண்டிருக்கும்போது சொல்லுங்கள். அப்படிச் சொன்ன பிறகும் மிரட்டும் நோக்கில் உள்ளே நிற்பது அத்துமீறல் குற்றம். உடனே 100 அல்லது 112.

டிவி, வண்டி, பிரிட்ஜ் என்று எதையும் நீதிமன்ற உத்தரவு இல்லாமல் தூக்க முடியாது. வாகனக் கடன் தவறினால் அந்த வாகனத்தை எடுக்க ஒப்பந்தத்தில் இடமிருக்கலாம். அதற்குப் பதிலாக உங்கள் பெயரில் ஆர்.சி. உள்ள வண்டியைத் தொட முடியாது. ஆர்.சி. நகலை வண்டியிலேயே வைத்திருங்கள்.

ஒரு நோட்டும் ஒரு கடிதமும்

ஒவ்வொரு அழைப்புக்கும் தேதி, நேரம், எண், சொன்னது என்று நான்கு கட்டம் போட்டு எழுதுங்கள். வாட்ஸ்அப் மிரட்டல்களை அழிக்காதீர்கள். எண் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். எரிச்சலில் பிளாக் செய்துவிட்டு எல்லாவற்றையும் அழிப்பதால்தான் பல புகார்கள் நிற்காமல் போகின்றன.

பிறகு நிறுவனத்தின் குறைதீர்ப்பு அலுவலருக்கு மின்னஞ்சலிலும், ஒப்புகையுடன் ஸ்பீட் போஸ்டிலும் எழுதுங்கள். ஏஜென்சிக்கு எழுதிப் பயனில்லை. ஏஜென்ட் செய்வதற்குக் கடன் கொடுத்த நிறுவனமே பொறுப்பு. கடிதம் நீளமாக வேண்டாம்:

'கடன் எண் ____ தொடர்பாக ____ தேதி முதல் இணைப்பில் உள்ள எண்களிலிருந்து எனக்கு அழைப்புகள் வருகின்றன. நான் இக்கடனில் கடனாளியோ ஜாமீன்தாரரோ அல்ல. அப்படி என்று கருதினால் என் கையெழுத்துள்ள ஆவணத்தின் நகலை அனுப்பவும். இல்லையெனில் என் எண்ணை உங்கள் பதிவிலிருந்து நீக்கி, அதை எழுத்தில் உறுதிசெய்யவும்.'

30 நாளில் பதில் வராவிட்டாலோ, பதில் சரியில்லாவிட்டாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளருக்குப் போகலாம். கட்டணம் இல்லை, உதவிக்கு 14448. இங்கே பலர் சறுக்குகிறார்கள்: நிறுவனத்துக்கு எழுதாமல் நேராகக் குறைதீர்ப்பாளரிடம் போனால் புகார் திரும்பிவிடும். இன்னொன்று, அது வாடிக்கையாளருக்கான ஏற்பாடு என்பதால், கடன் வாங்கியவர் பெயரிலேயே புகார் கொடுத்து, அவரிடம் அங்கீகாரக் கடிதம் வாங்கிக்கொண்டு நீங்கள் நடத்துவது பாதுகாப்பு.

மிரட்டல், ஆபாசப் பேச்சு, பின்தொடர்தல் என்றால் காத்திருக்க வேண்டாம், காவல் நிலையம் போங்கள். மனு கொடுத்தால் அதைப் பெற்றதற்கான சி.எஸ்.ஆர். ரசீது கேட்டு வாங்குங்கள்; ரசீது இல்லாத மனுவுக்கு ஆதாரம் இல்லை. வாங்கவே மறுத்தால் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கு ஸ்பீட் போஸ்டில் அனுப்புங்கள். பெண்களுக்கு 181. வலுக்கட்டாய வசூலுக்கு எதிராகத் தமிழ்நாட்டில் 2025-இல் வந்த சட்டம் மூன்று ஆண்டு வரை சிறையும் ஐந்து லட்சம் ரூபாய் வரை அபராதமும் சொல்கிறது. தனியாரிடம் மீட்டர் வட்டி, கந்துவட்டிக்கு வாங்கியதென்றால் 2003-ஆம் ஆண்டு சட்டம் இருக்கிறது. கலெக்டர் அலுவலகத்தில் திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளிலும் மனு கொடுக்கலாம்.

ஆப் கடன்

முறையான டிஜிட்டல் கடன் ஆப், போனிலுள்ள தொடர்பு எண்களையும் புகைப்படங்களையும் எடுக்கவே கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி. உங்கள் காண்டாக்ட் லிஸ்ட் முழுக்க மிரட்டல் போகிறது என்றால், ஆப் விதியை மீறியிருக்கிறது, அல்லது அது மோசடி ஆப். அனுமதி பெற்ற நிறுவனங்களின் ஆப் பட்டியல் ரிசர்வ் வங்கி தளத்தில் இருக்கிறது, பாருங்கள். மார்பிங் படம் அனுப்பினால் 1930-க்கு அழையுங்கள், தேசிய சைபர் குற்றத் தளத்திலும் பதியுங்கள். உறவினர்கள் எல்லோருக்கும் நீங்களே முந்திக்கொண்டு ஒரு செய்தி அனுப்பிவிடுங்கள்: 'என் பெயரில் போலிப் படம் வரலாம், போலீசில் புகார் கொடுத்திருக்கிறோம், பணம் கட்டாதீர்கள்.' இந்த ஒரு செய்தி போய்விட்டால் அவர்கள் கையில் இருந்த ஆயுதம் பாதி மழுங்கிவிடும். பணம் கொடுத்தால் மிரட்டல் நிற்காது, தொகைதான் ஏறும்.

கடன் வாங்கியவர் இறந்துவிட்டால்

வாரிசுகளுக்குப் பொறுப்பு உண்டு, ஆனால் இறந்தவரின் சொத்திலிருந்து கைக்கு வந்த அளவுக்கு மட்டுமே. சிவில் நடைமுறைச் சட்டம் 50-ஆவது பிரிவு இதைத்தான் சொல்கிறது. சொத்தே வரவில்லை என்றால், உங்கள் சம்பளமும் சேமிப்பும் தொடப்படாது. தந்தையின் கடனை அடைப்பது மகனின் புனிதக் கடமை என்ற பழைய இந்துச் சட்டக் கோட்பாட்டை வைத்துப் புதிய கடன்களுக்கு வழக்குப் போட முடியாதபடி 2005 செப்டம்பர் 9 முதல் சட்டம் மாறிவிட்டது. அடமானம் வைத்த வீடு, நகை மட்டும் வேறு: கடன் அந்தப் பொருளோடு ஒட்டிக்கொண்டே வரும்.

காரியம் முடிவதற்குள் மனைவியிடம் வந்து 'கணக்கை உங்கள் பெயருக்கு மாற்ற ஒரு கையெழுத்து' என்பார்கள். அது பெயர் மாற்றம் அல்ல, புதுக் கடன். போடவே கூடாது. அதற்குப் பதிலாக நீங்கள் ஒரு கேள்வி கேளுங்கள்: 'இந்தக் கடனுக்கு இன்சூரன்ஸ் பிடித்தீர்களா?' மைக்ரோ ஃபைனான்ஸ், வீட்டுக் கடன், தனிநபர் கடன் பலவற்றில் கடன் கொடுக்கும்போதே பிரீமியம் கழித்திருப்பார்கள். இறப்புச் சான்றிதழ் கொடுத்தால் மிச்சக் கடன் அதிலேயே அடையக்கூடும். நீங்கள் கேட்காவிட்டால் யாரும் நினைவுபடுத்த மாட்டார்கள். திருமணமான பெண்கள் சொத்துச் சட்டம் 1874-இன் கீழ் கணவர் எடுத்த ஆயுள் காப்பீட்டுத் தொகையில் அவருக்குக் கடன் கொடுத்தவர்கள் கை வைக்க முடியாது.

நீதிமன்றத் தாள் வந்தால்

வாட்ஸ்அப்பில் வரும் 'கைது வாரண்ட்' பெரும்பாலும் காகிதப் புலி. கடனைக் கட்ட முடியாமல் போவது மட்டுமே குற்றம் ஆகாது. ஆனால் உண்மையான சம்மனை ஒதுக்கிவிடாதீர்கள். வழக்கு எண்ணை ஈ-கோர்ட்ஸ் தளத்தில் போட்டுப் பாருங்கள். வழக்கு இருந்தால் சம்மன் கிடைத்த 30 நாளுக்குள் எதிருரை (உங்கள் தரப்புப் பதில்) தாக்கல் செய்யுங்கள். வாரிசாகச் சேர்க்கப்பட்டிருந்தால் 'இறந்தவரின் சொத்து எதுவும் என் கைக்கு வரவில்லை' என்பது அதில் எழுத்தாக இருக்க வேண்டும். போகாமல் விட்டால் ஒருதலைப்பட்சத் தீர்ப்பு வந்து, ஆரம்பத்திலேயே ஒரு பக்கத்தில் முடிந்திருக்க வேண்டியதைப் பல ஆண்டு இழுக்க நேரும். வக்கீலுக்குக் காசில்லை என்றால் 15100 அழையுங்கள். பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு.

சொத்தை அவசரமாக மனைவி பெயருக்கு எழுதிவைக்கும் யோசனையைக் கைவிடுங்கள். கடன் கொடுத்தவரை ஏமாற்றச் செய்த மாற்றம் என்று காட்டி அந்தப் பத்திரத்தை நீதிமன்றத்தில் ரத்து செய்ய முடியும். அதுவரை கடனோடு சம்பந்தமே இல்லாதிருந்த மனைவி, அந்த வழக்கில் பிரதிவாதியாகி நிற்பார்.