மாத்திரையை ஒளித்து வைக்காதீர்கள்: வலிப்புள்ள பெண் தாயாகும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

எனக்குப் பதினைந்து வயதில் வலிப்பு வந்தது. தாமிரபரணியில் தனியாக இறங்கக் கூடாது, அடுப்படியில் தனியாக நிற்கக் கூடாது என்று அம்மா அன்றைக்கே சொல்லிவிட்டாள். கல்யாணம் பேசியபோது இன்னொன்றும் சொன்னாள்: "ஏட்டி, மாப்பிள்ளை வீட்டுக்கு இது தெரிய வேண்டாம்." பேட்டைக்கு வாழப்போன நான் மூன்று மாதம் மாத்திரை அட்டையைப் பவுடர் டப்பாவுக்குள் வைத்திருந்தேன். ஆள் இல்லாத நேரம் பார்த்துத்தான் டப்பாவைத் திறப்பேன். விருந்தாள் வந்தால் ராத்திரி மாத்திரை தவறும். அப்படி இரண்டு நாள் தவறிய பிறகுதான் முற்றத்தில் விழுந்தேன். அத்தை என் தலையை மடியில் வைத்துக்கொண்டு, "இதச் சொல்லாம இருந்துட்டியே தாயி" என்று அழுதாள்.

முதல் தவறு இந்த ஒளிப்பு. பயத்துக்குக் காரணம் இல்லாமலும் இல்லை. இந்து திருமணச் சட்டத்தில், வலிப்பைக் காட்டித் திருமணத்தை ரத்து செய்யக் கேட்க ஒரு காலத்தில் இடம் இருந்தது. 1999-இல் வலிப்பு என்ற சொல்லையே அந்தப் பிரிவிலிருந்து எடுத்துவிட்டார்கள். என் அம்மாவுக்கு அது தெரியாது. மகளுக்கு வரன் பார்க்கிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

அடுத்த தவறுதான் எல்லாவற்றிலும் பெரியது: உண்டான பிறகு டாக்டரிடம் போவது. பிள்ளையின் மூளையும் தண்டுவடமும் உருவாகும் குழாய், கரு தரித்த 28 நாளுக்குள் மூடிவிடும். நாள் தள்ளிப்போய், கார்டில் கோடு பார்த்து, வீட்டில் சொல்லி, டாக்டரைப் பார்க்கப் போவதற்குள் அந்த வேலை முடிந்திருக்கும். அதனால், அந்தக் குழாய் சரியாக மூட உதவும் ஃபோலிக் ஆசிட் மாத்திரையைப் பிள்ளைக்கு முயற்சி செய்யும் முன்பே தொடங்க வேண்டும். அளவை டாக்டர் சொல்வார்.

இன்னொரு விஷயம் வால்ப்ரோயேட். வலிப்பை நன்றாகக் கட்டுப்படுத்தும் மாத்திரை, நானும் சாப்பிட்டேன். ஆனால் கர்ப்பத்தில் அதைச் சாப்பிட்ட தாய்மாரின் பிள்ளைகளில் ஏறக்குறைய நூற்றுக்குப் பத்துப் பேருக்குப் பெரிய பிறவிக் குறை வருகிறது. மற்றப் பிள்ளைகளில் அது நூற்றுக்கு இரண்டு, மூன்றுதான். புத்தி வளர்ச்சியும் பாதிக்கப்படலாம். லாமோட்ரிஜின், லெவெடிராசெட்டம் போன்றவற்றில் ஆபத்து மிகவும் குறைவு. ஆனால் மாற்றுவது ஒரு நாள் வேலை இல்லை. பழையதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, புதியதை ஏற்றி, அது பிடிக்கிறதா என்று பார்க்க மாதக்கணக்கில் ஆகும். அந்த மாதங்களை ஒதுக்கிக்கொண்டுதான் பிள்ளை பற்றி யோசிக்க வேண்டும். திருநெல்வேலி ஹைகிரவுண்டு அரசு மருத்துவமனையில் நரம்பியல் பிரிவு இருக்கிறது. நம் பக்கத்திலிருந்து ரயிலேறிப் போகக்கூடிய திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிலையத்தில், வலிப்புள்ள கர்ப்பிணிகளை 1998 முதலே பதிவு செய்து தொடர்ந்து கவனித்து வருகிறார்கள்.

இதைப் படித்துவிட்டு யாரும் இன்றைக்கே மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். அது மூன்றாவது தவறு. "வயித்துல பிள்ளை இருக்கு, மாத்திரை எதுக்கு?" என்று அக்கம்பக்கத்தில் அக்கறையாகத்தான் கேட்பார்கள். திடீரென நிறுத்தினால் வலிப்பு விடாமல் வரலாம். தாய், பிள்ளை இரண்டு உயிருக்கும் அதுதான் பெரிய ஆபத்து. வால்ப்ரோயேட் சாப்பிடும்போதே உண்டாகிவிட்டது தெரிந்தாலும், மாத்திரையைத் தொடர்ந்துகொண்டே மறுநாள் டாக்டரைப் பாருங்கள். லாமோட்ரிஜினைப் பொறுத்தவரை, மாதம் ஏற ஏற ரத்தத்தில் அதன் அளவு இறங்கும், டோஸைக் கூட்ட வேண்டிவரும். மசக்கையில் வாந்தியோடு மாத்திரை வெளியே போனால் என்ன செய்வது என்பதையும் முன்கூட்டியே கேட்டு வையுங்கள்.

பிரசவ டாக்டருக்கும் நரம்பு டாக்டருக்கும் ஒரே ஃபைல் வைத்துக்கொள்ளுங்கள். வலிப்பு இருக்கிறது என்பதற்காக மட்டும் ஆபரேஷன் தேவையில்லை, பெரும்பாலோருக்குச் சுகப்பிரசவமே ஆகும். பிள்ளைக்கும் வருமா என்று கேட்பார்கள். பெரும்பாலும் வருவதில்லை.

பிள்ளை பிறந்த பிறகு எல்லாருடைய கவனமும் பிள்ளைமேல் போய்விடும், தாயின் தூக்கத்தை யாரும் நினைப்பதில்லை. தூக்கம் கெட்டால் வலிப்பு வரும். எங்கள் வீட்டில் ராத்திரி ஒருவேளைப் பாலை மாலையிலேயே பீய்ச்சி வைத்துவிடுவேன், அவர் எழுந்து கொடுப்பார். அந்த நான்கைந்து மணி நேரத் தூக்கம் எனக்கு மருந்து மாதிரி. மாத்திரை சாப்பிடுகிறவள் பால் கொடுக்கக் கூடாது என்று சொல்வதும் தவறு. பெரும்பாலான வலிப்பு மாத்திரைகளோடு தாய்ப்பால் கொடுக்கலாம். உங்கள் மாத்திரையைச் சொல்லிக் கேட்டுக்கொள்ளுங்கள்.

இன்னொரு கொடுமை, பிள்ளையைத் தாயிடம் கொடுக்காமலே வைத்திருப்பது. தேவையே இல்லை. தரையில் பாய் விரித்து, சுவரில் சாய்ந்து உட்கார்ந்து பால் கொடுக்கலாம். துணி மாற்றுவதும் தரையிலேயே நடக்கட்டும். தனியாகக் குளிப்பாட்டுவது மட்டும் வேண்டாம். எங்கள் ஆச்சி காலை நீட்டிப் பிள்ளையைப் போட்டுக் குளிப்பாட்டுவாள், நான் பக்கத்தில் உட்கார்ந்து வெந்நீர் மொண்டு ஊற்றுவேன்.

வீட்டில் உள்ள எல்லாருக்கும் ஒன்றைச் சொல்லி வையுங்கள். வலிப்பு வந்தால் சாவிக்கொத்தைத் தேடி ஓட வேண்டாம், வாயில் எதையும் வைக்க வேண்டாம், தண்ணீரும் கொடுக்க வேண்டாம். முதலில் பிள்ளையை வாங்கிக்கொள்ளுங்கள். அப்புறம் அவளை ஒருக்களித்துப் படுக்க வைத்து, மணியைப் பாருங்கள். ஐந்து நிமிடம் தாண்டினால், அல்லது அவள் வயிற்றில் பிள்ளை இருந்தால், உடனே 108-ஐக் கூப்பிடுங்கள்.