சேசிஸ் முறுக்கிக்கொள்ளும் முன்

போன மாதம் கன்னங்குறிச்சியில் ஒரு வீட்டு வாசலில் பந்தல் போட்டு இரண்டு கல்லூரி மாணவர்கள் கார் கட்டிக்கொண்டிருந்தார்கள். நீண்ட மூக்கு, இரண்டே இருக்கை, கூரை கிடையாது. "அண்ணா, மூலைவிட்டம் இரண்டையும் அளந்துவிட்டோம், சரியாக இருக்கிறது" என்றான் ஒருவன். என் முதல் காரில் நானும் அப்படித்தான் நம்பினேன். சிமெண்ட் தரையில் கிடந்த சேசிஸின், அதாவது காரைத் தாங்கும் இரும்புச் சட்டகத்தின், ஒரு மூலையை உள்ளங்கையால் அழுத்தினேன். எதிர்மூலை மேலே எழும்பியது. எனக்கு வயிறு கலங்கியது.

முதல் காரை வீட்டில் கட்டுபவர்கள் செய்யும் தவறுகளைத்தான் கீழே எழுதுகிறேன். கையுறை, முகமூடி பற்றியெல்லாம் எழுதப்போவதில்லை. அவை தெரியாதவர்கள் வெல்டிங் கைப்பிடியைத் தொடவே கூடாது.

ஒவ்வொரு மூட்டாக முடித்துக்கொண்டே போவது

உருகிய இரும்பு ஆறும்போது சுருங்கும். சுருங்கும்போது குழாயைத் தன் பக்கம் இழுக்கும். 25 மி.மீ. சதுரக்குழாயின் மேல்முகத்தில் மட்டும் முழு வெல்டிங் ஓட்டினால் அது மேல்நோக்கி வளையும். ஒரு மூட்டில் கண்ணுக்கே தெரியாது. ஐம்பது, அறுபது மூட்டுகள் ஒரே திசையில் இழுத்தால் சேசிஸே முறுக்கிக்கொள்ளும்.

நான் அப்படித்தான் செய்தேன். முன்வலது மூலையில் தொடங்கி, ஒவ்வொரு மூட்டையும் முழுதாக முடித்துவிட்டுத்தான் அடுத்ததற்குப் போனேன். மூலைவிட்டங்கள் சமமாக இருந்தன. நிம்மதியாக, சக்கரங்களைத் தாங்கும் சஸ்பென்ஷன் பிராக்கெட்டுகளைப் பற்றவைத்து, எஞ்சினையும் ஏற்றிவிட்டேன்.

ஒரு மூடிய மில் மைதானத்தில் ஓட்டிப் பார்த்தபோது, பிரேக்கை மிதித்ததும் முன்வலது சக்கரம் மட்டும் பூட்டிக்கொண்டு தேய்ந்தது; வண்டி இடப்பக்கம் இழுத்தது. மூன்று மாதம் பிரேக்கையே குறை சொன்னேன். மாஸ்டர் சிலிண்டரை மாற்றினேன், டிஸ்க்கை மாற்றினேன். கடைசியில் லேத் பட்டறைப் பெரியவர் ஒருவர் வந்தார். பிரேக்கை அவர் பார்க்கவே இல்லை. எஞ்சினை இறக்கச் சொல்லி, சேசிஸின் நான்கு மூலைகளுக்கும் குறுக்காக இரண்டு நூல் கட்டினார். நடுவில் ஒன்றுக்கொன்று 6 மி.மீ. இடைவெளி. அதாவது ஒரு மூலை 12 மி.மீ. தூக்கியிருக்கிறது. தூக்கிய மூலையின் சக்கரத்தில் பாரம் குறைவு. பாரம் குறைந்த சக்கரம்தான் முதலில் பூட்டிக்கொள்ளும். பாதி சேசிஸை வெட்டி எறிந்தேன். அந்தக் குழாய்களை கிரைண்டரில் அறுத்த சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

மூலைவிட்டம் கோணலைத்தான் காட்டும், முறுக்கலைக் காட்டாது. இதைப் புதியவர்களுக்கு யாரும் சொல்வதில்லை என்பதுதான் எனக்குத் தீராத எரிச்சல்.

தரையில் வைத்துக் கட்டாதீர்கள். ரசமட்டம் பார்த்த கனமான இரும்பு மேசை வேண்டும். கிளாம்ப் போட்டு, எல்லா மூட்டுகளுக்கும் முதலில் பொட்டு வெல்டிங் மட்டும் வையுங்கள். மூலைவிட்டத்தையும் நூலையும் பாருங்கள். நூல்கள் தொட்டும் தொடாமலும் இருக்க வேண்டும். ஒன்றையொன்று தொட்டால், மேல்நூலைக் கீழாக மாற்றிக் கட்டி இன்னொரு முறை பாருங்கள். கீழ்நூல் மேல்நூலைத் தள்ளிக்கொண்டிருந்தால் முதல் தடவையில் தெரியாது. அதன்பின் ஓர் அங்குலம் இங்கே, ஓர் அங்குலம் எதிர்மூலையில் என்று மாறி மாறி முழு வெல்டிங் செய்யுங்கள். கைவைத்தால் சுடாத அளவுக்கு ஆறும்வரை கிளாம்பைக் கழற்றாதீர்கள்.

ஜி.ஐ. குழாய்

வேண்டாம். துத்தநாகப் பூச்சு எரிந்து வரும் வெள்ளைப் புகை காய்ச்சலில் படுக்கவைக்கும்.

மாருதி 800 எஞ்சின்

ஆம்னியிலும் 800இலும் 796 சி.சி. எஞ்சின்தான். ஆனால் 800இல் அது குறுக்காக இருந்து முன்சக்கரத்தை ஓட்டுகிறது. நீண்ட மூக்கு வைத்து, பின்சக்கரம் ஓட்டும் காருக்குப் பழைய ஆம்னியை வாங்குங்கள்.

பேட்டரி

வெல்டிங்குக்கு முன் கழற்றுங்கள்.

உட்கார்ந்து பார்க்காமல் பெடல் பொருத்துவது

இருக்கையை வைத்து, ஷூ போட்டு உட்கார்ந்து, கிளட்ச் மிதிக்கும் முழங்கால் ஸ்டீயரிங்கில் இடிக்கிறதா என்று பாருங்கள். அதன்பிறகே பிராக்கெட்டைப் பற்றவையுங்கள்.

ஏற்காட்டுக்கு ஓட்டிப் போவது

அந்த மாணவர்களின் கனவு 20 கொண்டை ஊசி வளைவுகள். வீட்டில் கட்டிய காருக்கு அந்தச் சாலையில் அனுமதி இல்லை. மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989இன் 126ஆவது விதிப்படி வாகனத்தின் மாதிரி வண்டி, அங்கீகாரம் பெற்ற சோதனை நிலையத்தில் தேற வேண்டும். அது இல்லாமல் பதிவு எண் கிடைக்காது. இதை முதல் குழாயை அறுப்பதற்கு முன்பே தெரிந்துகொள்ளுங்கள். மூடிய பந்தயத் தடத்துக்காகவோ சொந்த நிலத்துக்காகவோ கட்டுங்கள். அவர்களிடமும் இதைத்தான் சொன்னேன். பெரியவன் முகம் வாடியது. சின்னவன் உள்ளே போய் நூல்கண்டு எடுத்துவந்தான்.