குறைவாக ஓடிய காரில் பிரேக் பேட் லைட்: செய்யக் கூடாத தவறுகள்

போன வாரம் கன்னங்குறிச்சியிலிருந்து ஒரு பெரியவர் காரைக் கொண்டுவந்தார். ஓய்வு பெற்ற வாத்தியார். நான்கு வருடத்து வண்டி, ஓடியது 11,400 கிலோமீட்டர்தான். மீட்டர் போர்டில் மஞ்சளாகப் பிரேக் பேட் லைட் எரிந்துகொண்டிருந்தது. சக்கரத்தோடு சுற்றுகிற டிஸ்கை இரண்டு பக்கமும் அழுத்தி வண்டியை நிறுத்துகிற கட்டைதான் பேட், அது தேய்ந்தால் எரிகிற லைட் இது. என்னிடம் வேலை கற்கும் தம்பி குனிந்து, அலாய் வீலின் சந்து வழியாக செல்போன் டார்ச்சை அடித்துப் பார்த்தான். அரை நிமிடத்தில் நிமிர்ந்துவிட்டான்.

"பேட் புதுசாட்டம் இருக்குதுங்ண்ணா. சென்சார்தான் போயிருக்கும். ஒயரைச் சேர்த்து விட்ரலாங்களா?"

எனக்குச் சுருக்கென்றது. பதினைந்து வருடத்துக்கு முன்னால் நானும் இதையேதான் சொன்னேன், சொன்னபடி செய்தும் வைத்தேன். அதனால்தான் இதை எழுதுகிறேன். ஹேண்ட் பிரேக்கை இறக்காமல் ஓட்டுவது, சத்தம் வந்தும் கண்டுகொள்ளாமல் இருப்பது போன்றவை எல்லோருக்கும் தெரியும். அவற்றுக்குள் போகவில்லை.

எந்த லைட் என்று பார்க்காமல் பதறுவது

வட்டத்தின் இரண்டு பக்கமும் விட்டு விட்டுப் போட்ட வளைகோடு இருந்தால் அது பேட் தேய்மான லைட். வட்டத்துக்குள் ஆச்சரியக்குறியோடு சிவப்பாக எரிந்தால் ஒன்று ஹேண்ட் பிரேக் முழுதாக இறங்கவில்லை, இல்லையென்றால் பிரேக் ஆயில் குறைந்திருக்கிறது. ஆயில் ஏன் குறைந்தது என்று தெரியும்வரை அந்த வண்டியை எடுக்காதீர்கள். ஏபிஎஸ் (சக்கரம் இறுகி வழுக்காமல் காக்கிற அமைப்பு) என்ற எழுத்தோடு எரிவது வேறு சமாச்சாரம். பல கார்களில் தேய்மான லைட்டே கிடையாது. பேடில் சின்னதாக ஒரு தகடு இருக்கும். பேட் தேய்ந்ததும் அது டிஸ்கில் உரசிக் கீச்சென்று கத்தும், அவ்வளவுதான்.

"ஓடினதே பத்தாயிரம், பேட் எப்படித் தேயும்?"

வாரத்துக்கு மூன்று பேராவது இதைக் கேட்கிறார்கள். மீட்டர் எத்தனை காட்டினாலும், பேட் தேய்வது பிரேக்கை மிதிக்கும்போதுதான். சேலத்திலிருந்து நான்குவழிச் சாலையில் பெங்களூரு போய் வந்தால் 400 கிலோமீட்டர் ஏறிவிடும், பிரேக்குக்குப் பெரிய வேலை இருக்காது. ஏற்காடு போய் வந்தால் மீட்டரில் ஏறுவது அறுபது சொச்சம். ஆனால் ஏற்காடு கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரம், சேலம் 300 மீட்டருக்கும் கீழே. இறங்கும்போது 1,200 மீட்டர் உயரத்தின் சக்தி எங்கேயாவது போய்ச் சேர வேண்டும். அந்த உயரத்தை முழுக்கப் பிரேக்கே தாங்குவதாக வைத்துக்கொண்டு கணக்குப் போட்டால், 100 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டியை முப்பது தடவை முழுதாக நிறுத்துவதற்குச் சமம். இரண்டாவது கியரில் இறங்குகிறவருக்கு இதில் பெரும் பங்கை இன்ஜின் ஏற்றுக்கொள்ளும். நியூட்ரலில் விட்டு, இருபது கொண்டை ஊசி வளைவுக்கும் பிரேக்கிலேயே கால் வைத்திருப்பவருக்கு மொத்தமும் பேட் தலையில்தான் விழும்.

இன்னொன்று, நின்றே கிடக்கும் வண்டிக்கு வரும் வியாதி. வாத்தியாரின் கார் வாரத்தில் ஆறு நாள் வேப்பமரத்தடியில் நிற்கிறது. மழை, தூசி, துரு. பேடுகளை டிஸ்கோடு அழுத்துகிற கவ்விதான் காலிப்பர், அது வழுக்கி நகர்கிற கம்பிதான் பின். அந்தப் பின் காய்ந்து இறுகிவிடும், பேடின் காது, அதாவது அதன் முனை, இருக்கும் இடத்தில் துரு ஏறிப் பிடித்துக்கொள்ளும். அதிகம் ஓடுகிற டாக்சியில் இந்தத் தொல்லையை நான் குறைவாகத்தான் பார்த்திருக்கிறேன்.

வெளியிலிருந்து எட்டிப் பார்த்துத் தீர்ப்புச் சொல்வது

நான் செய்தது இதுதான். இன்றைக்கும் யாராவது டார்ச்சோடு குனிந்தால் எரிச்சல் வருகிறது.

அப்போது அஸ்தம்பட்டிப் பக்கம் சின்னதாக ஒரு ஷெட் போட்டிருந்தேன். ஒன்பதாயிரம் கிலோமீட்டர் ஓடிய கார் ஒன்று வந்தது, இதே மஞ்சள் லைட்டோடு. சந்து வழியாகப் பார்த்தேன். பேட் தடிமனாக இருந்தது. மீட்டரைப் பார்த்தேன். இந்த ஓட்டத்துக்கு லைட் எரிய வாய்ப்பே இல்லை என்று முடிவுகட்டிவிட்டேன். வீலைக் கழற்றினால் அரை மணி நேரம் போகும், வெளியே இரண்டு வண்டி காத்திருக்கிறது. ஒயரை இணைக்கிற கப்ளரைப் பிடுங்கி, சென்சாருக்குப் போகிற இரண்டு ஒயரையும் சேர்த்து டேப் சுற்றினேன். லைட் அணைந்தது. இருநூறு ரூபாய் வாங்கினேன். வண்டிக்காரர் கையெடுத்துக் கும்பிட்டுப் போனார்.

மூன்று வாரம் கழித்து அவரிடமிருந்து போன். ஏற்காட்டிலிருந்து குடும்பத்தோடு இறங்கும்போது, பாதி மலையில் முன்பக்கம் இரும்பை இரும்பு அரைக்கிற சத்தம். பிரேக் மிதித்தால் ஸ்டியரிங் ஒரு பக்கம் இழுக்கிறது. பின்சீட்டில் இரண்டு குழந்தைகள். மனிதர் முதல் கியரிலேயே ஊர்ந்து அடிவாரம் வந்து சேர்ந்திருக்கிறார். ஓடிப் போய் அங்கேயே வீலைக் கழற்றினேன். வெளிப் பேட் நான் பார்த்தபடியே 8 மி.மீ. இருந்தது. உள் பேடில், தேய்கிற பகுதியான லைனிங் என்று எதுவுமே இல்லை. வெறும் இரும்புத் தகடு டிஸ்கை உழுது வைத்திருந்தது.

இது எப்படி நடக்கிறது என்று புரிந்துகொண்டால் அப்புறம் நீங்கள் சந்து வழியாகப் பார்க்க மாட்டீர்கள். நம் ஊர்க் கார்களில் பெரும்பாலும் பிஸ்டன் உள்பக்கம் மட்டும்தான் உண்டு. மிதித்ததும் அது உள் பேடை டிஸ்கில் அழுத்தும். அந்த அழுத்தத்தில் காலிப்பர் மொத்தமும் இரண்டு பின் மேல் வழுக்கி வந்து வெளிப் பேடையும் இழுத்து அழுத்தும். பின் இறுகிப்போனால் காலிப்பர் நகராது. வெளிப் பேட் சும்மா நிற்க, உள் பேட் ஒண்டியாக வேலை செய்து கரையும். வெளியிலிருந்து பார்க்கிறவன் கண்ணில் படுவது அந்தச் சும்மா நிற்கிற பேட். சென்சாரை நிறைய கார்களில் உள் பேடில்தான் வைத்திருப்பார்கள். அதாவது நம் கண்ணுக்கு எட்டாத இடத்தைப் பார்த்து அந்த லைட் உண்மையைச் சொன்னது, அதன் வாயை நான் கட்டிவிட்டேன்.

இரண்டு டிஸ்க், பேட் செட், காலிப்பர் பின், அதன் ரப்பர் உறை எல்லாம் என் கைக்காசில் மாற்றிக் கொடுத்தேன். அன்றைய விலையில் 14,000 ரூபாய். பணம் போனதைவிட அந்தப் பின்சீட்டுக் குழந்தைகள்தான் இன்றும் நினைவில் நிற்கிறார்கள்.

சரி, எப்படிப் பார்ப்பது? சமதரையில் ஜாக்கி போட்டுத் தூக்கி, ஸ்டாண்டு வைத்து, வீலைக் கழற்றுங்கள். உள், வெளி இரண்டு பேடிலும் லைனிங்கின் தடிமனை மட்டும் அளக்க வேண்டும். பின்னால் இருக்கிற இரும்புத் தகட்டையும் சேர்த்து அளந்துவிட்டு "இன்னும் 8 மி.மீ. இருக்கு" என்று சொல்கிற பையன்களைப் பார்த்திருக்கிறேன். புதுப் பேடில் லைனிங் பொதுவாக 10 முதல் 12 மி.மீ. இருக்கும். 3 மி.மீ. வந்தால் மாற்ற வேண்டியதுதான். உள்ளுக்கும் வெளிக்கும் 2 மி.மீட்டருக்கு மேல் வித்தியாசம் இருந்தால், பேட் எவ்வளவு மிச்சமிருந்தாலும் சரி, பின்னையும் பிஸ்டனையும் பாருங்கள். பின் கையால் தள்ளினாலே வழுக்கிப் போக வேண்டும். பின்னின் ரப்பர் உறை கிழிந்திருந்தால் மாற்றுங்கள். காலிப்பர் பின்னுக்கென்றே சிலிக்கான் கிரீஸ் விற்கிறார்கள், அதைத்தான் தடவ வேண்டும். வீல் பேரிங்குக்குப் போடுகிற கிரீஸைத் தடவினால் ரப்பர் ஊதி, பின் முன்னைவிட இறுகிப் பிடிக்கும்.

முன்பக்கம் இரண்டு வீலையும் கழற்றிப் பாருங்கள். பல கார்களில் ஒரு அச்சுக்கு ஒரே ஒரு சென்சார்தான், ஒரு பக்கத்து வீலில் மட்டும் இருக்கும். மறுபக்கம் என்ன நடக்கிறது என்பது லைட்டுக்குத் தெரியாது.

ஒயரைச் சேர்த்து லைட்டை அணைப்பது

கூடவே கூடாது. காரணம் மேலே இருக்கிறது.

லைட் எரிந்த ஒரே காரணத்துக்காகப் பேடும் டிஸ்கும் மாற்றுவது

இது எதிர்ப்பக்கத் தவறு. சூரமங்கலத்தில் ஒரு அம்மா, வண்டி 8,600 கிலோமீட்டர். சர்வீஸுக்கு விட்ட இடத்திலிருந்து போனில், "பேட் முடிஞ்சிருச்சுங்க மேடம், டிஸ்கும் மாத்தணும்" என்றிருக்கிறார்கள். அவர் சரி என்று சொல்லாமல் வண்டியை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார். அளந்தால் நான்கு பேடும் 8 மி.மீட்டருக்கு மேல். கப்ளருக்குப் பக்கத்தில் ஒயரை எலி கடித்திருந்தது.

சென்சாரின் வேலை எளிது. பேடுக்குள் ஒரு ஒயர் வளையம் புதைந்திருக்கும். பேட் தேய்ந்து அந்த ஒயர் அறுபட்டால் லைட் எரியும். அந்த ஒயர் தேய்ந்து அறுந்ததா, எலி கடித்ததா, கப்ளரில் தண்ணீர் புகுந்து பச்சை பூத்ததா என்று வண்டிக்குத் தெரியாது. எல்லாவற்றுக்கும் அதே லைட்தான். மல்டிமீட்டர் வைத்தால் இரண்டு நிமிடத்தில் தெரிந்துவிடும். பேட் மாற்றியும் லைட் போகவில்லை என்றால், அறுந்த பழைய சென்சாரையே திரும்ப மாட்டியிருக்கலாம், அல்லது ஸ்கேனரில் ரீசெட் செய்யாமல் விட்டிருக்கலாம்.

போனில் சரி சொல்லாதீர்கள். "நாலு வீலும், உள்ளே வெளியே, எத்தனை மி.மீ.ன்னு ஜாப் கார்டில் எழுதிக் கொடுங்க" என்று கேளுங்கள். நேர்மையாக அளந்தவர் முகம் கோணாமல் எழுதிக் கொடுப்பார். டிஸ்குக்குக் குறைந்தபட்சத் தடிமன் உண்டு, பெரும்பாலும் டிஸ்கிலேயே பொறித்திருக்கும். அதற்குக் கீழே போயிருந்தால்தான் மாற்றச் சொல்ல வேண்டும். கழற்றிய பழைய பேடைக் கையில் வாங்கிக்கொள்ளுங்கள்.

பிரேக் ஆயிலை ஊற்றி நிரப்புவது

பேட் தேயத் தேய பிஸ்டன் வெளியே வரும், அந்த இடத்தை நிரப்ப டப்பாவில் ஆயில் இறங்கும். சென்சார் இல்லாத வண்டியில், கீச்சென்ற சத்தம் வருவதற்கு முன்னால் இந்த இறக்கம்தான் உங்களுக்குக் கிடைக்கிற தகவல். இன்ஜின் ஆயில் மாற்றுகிற பையன் போகிற போக்கில் இதையும் நிரப்பிவிட்டால் தகவல் அழிந்தது. பிறகு புதுப் பேட் போட்டுப் பிஸ்டனை உள்ளே தள்ளும்போது ஆயில் பொங்கி வழியும், பெயின்ட் மேல் பட்டால் உரித்துவிடும்.

ஆனால் ஆயிலை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை முழுதாக மாற்றத்தான் வேண்டும், வண்டி ஓடாவிட்டாலும். அது காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். டாட் 4 ரகப் பிரேக் ஆயிலின் கொதிநிலை புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும். ஈரம் ஏறிய ஆயிலுக்கு அந்த வரம்பே 155தான். மலை இறக்கத்தில் ஆயில் கொதித்தால் பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போகும். குறைவாக ஓடிய வண்டிக்காரர்கள் மறந்துபோகிற வேலை இது.

ஒரு பக்கம் மட்டும் பேட் மாற்றுவது

கூடாது. ஒரு அச்சில் இரண்டு பக்கமும் சேர்த்துத்தான்.

எலக்ட்ரிக் ஹேண்ட் பிரேக் வண்டியில் பின்பக்க வீலின் பிஸ்டனை அமுக்குவது

ஸ்கேனரில் சர்வீஸ் மோடு போட்ட பிறகுதான். இல்லையென்றால் மோட்டார் போய்விடும்.

துருவைத் தேய்மானம் என்று நினைப்பது

மழையில் இரண்டு நாள் நின்றால் டிஸ்க் செம்மண் நிறத்தில் இருக்கும், எடுத்ததும் கரகரவென்று கேட்கும். நாலைந்து தடவை பிரேக் பிடித்ததும் போய்விட்டால் கவலை இல்லை.

லைட் எரிய எரிய ஏற்காடு போவது

வாத்தியாருக்கு ஞாயிற்றுக்கிழமை ஏற்காட்டில் ஒரு கல்யாணம். "இது பொய் லைட்டுன்னா அப்படியே போய்ட்டு வந்துரட்டுமா?" என்று கேட்டார். தம்பி என் முகத்தைப் பார்த்தான். இரண்டு வீலையும் கழற்றி அளந்து நோட்டில் எழுதச் சொன்னேன்.

சென்சார் இருந்த இடது பக்கம்: உள் 8, வெளி 8.5. எலி கடித்த ஒயர். தம்பி சொன்னது சரிதான், லைட் பொய்தான். சென்சாரே இல்லாத வலது பக்கம்: வெளி 9, உள் 2. கீழ்ப் பின் அசையவே இல்லை, சுத்தியால் தட்டித்தான் எடுத்தோம். தம்பி வெர்னியரைத் துடைத்துவிட்டு இரண்டாம் தடவையும் அளந்தான். அதே 2.

பேட் செட்டும் சென்சாரும் வர திங்கட்கிழமை ஆகும் என்றார்கள். வாத்தியாரைக் கல்யாணத்துக்குப் பஸ்ஸில் போகச் சொன்னேன்.